பறவைக்குப் புகலிடம், மனிதருக்குப் பாக்கி



ஒரு தீமையிலிருந்து பின்னர் ஒரு நன்மை விளைந்தால், அந்த நன்மை பழைய தீமைக்கு ஈடாகுமா? இக்கேள்விக்கு இமாசலப் பிரதேசத்திலுள்ள ஓர் ஏரி நல்ல உதாரணம்.

காங்ரா மாவட்டத்தில் பியாஸ் நதியை மறித்துப் பொங் அணை 1974இல் கட்டி முடிக்கப்பட்டது. ராஜஸ்தானின் வறண்ட நிலங்களுக்கு நீர் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நீர் தேங்கியபோது 20,000க்கும் அதிகமான குடும்பங்கள் வீடும் வயலும் இழந்தன. ‘பாத்து கி லடி’ என்னும் பழைய கோயில் தொகுதி இன்றும் வருடத்தின் பெரும்பகுதி நீருக்குள்ளேயே நிற்கிறது. கோடையில் நீர் வற்றும்போதுதான் அது முழுமையாக வெளித்தெரியும்.

இடம்பெயர்ந்தோரில் 16,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ராஜஸ்தானில் நிலம் பெறத் தகுதியானவை எனக் கணிக்கப்பட்டன. அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றுள் ஆயிரக்கணக்கானவை காத்திருக்கின்றன.

இதற்கிடையில் ஏரிக்குப் புதிய விருந்தாளிகள் வந்தனர். 1983இல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2002இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் உட்பட, குளிர்காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அங்கு தங்குகின்றன. நீர் வற்றும் காலத்தில், நிலத்தை இழந்தோரிற் சிலர் தம் பழைய வயல்களில் ஏர் பூட்ட வருகின்றனர். சரணாலயச் சட்டம் அதைத் தடுக்கிறது.

“இவ்வளவு உயிர்கள் வாழ்கின்றனவே, பழையதை ஏன் கிளற வேண்டும்?” என்று சிலர் கேட்பர். கணக்காளன் என்ற முறையில் எனக்கு இது பிழையான பதிவாகவே படுகிறது. ஒருவருக்குச் செய்த நன்மையைக் காட்டி இன்னொருவருக்குரிய கடனைக் கழிக்க முடியாது. கடன்கொடுத்தோன் முதுமையடைந்தான், இறந்தான் என்பதற்காகப் பேரேட்டிலிருந்து அவன் பெயரை நீக்கவும் முடியாது. உரிமை பிள்ளைகளைச் சேரும். கொடுக்க வல்லவன் கொடாதிருப்பதை ‘அறவிடமுடியாக் கடன்’ என்று எழுதுவது நேர்மையான கணக்காகாது.

அதற்காகப் பறவையை விரட்டுவதும் நியாயமன்று. அது எவருடைய வயலையும் பறிக்கவில்லை. இருந்த நீரில் வந்து இறங்கியது. வாத்தையும் உழவனையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, வாக்களித்தவர்கள் நடுவிலிருந்து நழுவிவிடுகிறார்கள். நிலம் தரவேண்டிய கடன் அரசுகளுடையது. அதை அவை தீர்த்தால் சரணாலயத்துக்கும் கேடில்லை.

அந்நிய மண்ணில் புகலிடம் பெற்ற எமக்கு இவ்விரு நிலைகளும் தெரியும். வந்து இறங்கிய பறவையும் நாமே, வாசற்படி இழந்தவரும் நாமே. இங்கு கிடைத்த வாழ்வுக்கு நன்றியுடையோம். ஆனால் அந்த நன்றி, அங்கு இழந்ததற்கு நாம் எழுதிக்கொடுத்த பற்றுச்சீட்டு அல்ல. எம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.