கஞ்சா மயக்கமும் சிவானந்தமும்



மகாசிவராத்திரி நாளிற் காசி முதலிய வடநாட்டுத் தலங்களிலே பாங்கு கலந்த பாலும் உருண்டையும் சிவப்பிரசாதமெனக் கொள்ளப்படுதலும், நேபாளத்துப் பசுபதிநாதர் கோயிற் புறத்தே சாதுக்கள் சிலர் கஞ்சாப் புகையில் ஆழ்ந்திருத்தலும் பலரும் அறிந்தனவே. இவற்றைக் கண்டும் கேட்டும் இளைஞர் சிலர், "கஞ்சாவை அளவு மிகுத்து உட்கொண்டால் மனம் ஒடுங்கும், மனம் ஒடுங்கிய நிலையே சமாதி, ஆகலின் இது சிவயோகத்துக்குக் குறுக்குவழி" என்று பேசத் தலைப்படுகின்றனர். இக்கூற்று எத்துணை உண்மையுடைத்து என்பதை மருத்துவ ஆராய்ச்சி கொண்டும் சித்தாந்த நெறி கொண்டும் ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

கஞ்சாவில் மயக்கந் தரும் தலைமைப் பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்பது. 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர் மெக்கூலம், காவோனி என்னும் இருவர் இதனைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைத் தெளிந்தனர். மூளையில் இப்பொருள் சென்று பற்றும் இடங்களும் பின்னர்க் கண்டறியப்பட்டன. அவ்விடங்களைப் பற்றுதற்கு மூளை தானே ஆக்கிக்கொள்ளும் ஒரு பொருளையும் 1992இல் கண்டு, வடமொழி 'ஆனந்த'ச் சொல்லைத் தழுவி ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். பெயர் கண்டு மயங்கற்க. பசி, நினைவு, நோவு முதலியவற்றை ஒழுங்குபடுத்தும் உடற்பொருள்களுள் அஃது ஒன்று. மாயையின் காரியமேயன்றிப் பேரின்பம் அன்று.

இனி, மிகை அளவின் விளைவைக் கூறுவாம். புகையாக உட்சென்ற கஞ்சா சில நிமிடங்களில் வேலை செய்யும். உண்ட கஞ்சாவோ, அரைமணி முதல் இரண்டு மணிநேரம் வரை வாளா இருந்து, பின்னரே எழும். எட்டு மணிநேரமும் அதற்கு மேலும் நீடிக்கும். கல்லீரல் அதனை வேறொரு வலிய பொருளாக மாற்றி மூளைக்கு அனுப்புதலும் உண்டு. முதலுருண்டை ஒன்றுஞ் செய்யவில்லையென்று மறுவுருண்டை உண்பான் இரண்டின் வேகத்தையும் ஒருங்கே தாங்க வேண்டியவனாகின்றான். விற்பனை சட்டப்படி நடைபெறும் அமெரிக்கக் கொலராடோ மாநிலத்தில் உண்பொருளில் ஒரு வேளையளவு 10 மில்லிகிராம் என வரையறுத்துள்ளனர். விழாக்கூட்டத்திற் கைம்மாறும் உருண்டைக்கு அத்தகைய அளவு யாது?

அளவு மிக்கவழி நெஞ்சு படபடக்கும், எழுந்து நிற்குங்கால் தலைசுற்றி வீழ்தலும் உண்டாம், வாந்தி எடுக்கும், காலம் ஊர்வதுபோலத் தோன்றும், காரணமின்றிப் பேரச்சமும் பிறர்மேல் ஐயமும் எழும், இல்லாத உருவும் ஒலியும் புலப்படும். வளர்ந்தோர்க்கு இதனால் நேரே உயிர்போதல் அரிதாயினும், இதயநோயுடையார்க்கும், அந்நிலையில் வண்டி செலுத்துவார்க்கும் பெருந்தீங்கு நேரும். இனிப்பெனக் கருதி உண்ட சிறு குழந்தை நினைவிழந்து மூச்சுத் தளரவுங் கூடும். நெடுநாட் பழகினாருள் சிலர்க்கு ஓயாத வாந்திநோய் வருதலை 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர் எடுத்துக்காட்டினர். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நிகழ்த்தி 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வீரியம் மிக்க கஞ்சாவை நாடோறும் கொள்வார்க்கு, அதனை ஒருபோதும் தீண்டாதாரினும் மனப்பிறழ்வு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்காகக் காணப்பட்டது.

அற்றேல், மனம் ஒடுங்குதல் காண்கின்றோமே எனின், அவ்வொடுக்கம் யாதென ஆராய்வாம். கல்கத்தாவில் மருத்துவராயிருந்த ஓஷானசி என்பார் 1839இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். வாதநோயாளி ஒருவர்க்குச் சிறிதளவு கஞ்சாப் பிசின் கொடுக்க, அவர் முதலில் மிகப் பேசினார், பின் உறங்கினார், அதன்பின் உணர்விழந்தார். அவர் கையைத் தூக்கினால் தூக்கியவாறே நின்றது. புறத்தே நோக்குவான் ஒருவன் இதனைச் சமாதி யென்றே வணங்கியிருப்பான். அகத்தே நிகழ்ந்ததோ நஞ்சுத் தாக்கு. அசைவின்மை ஒன்றே யோகமாயின் கல்லும் கட்டையும் யோகியரேயாம்.

இவ்விடத்தே சித்தாந்தம் பெருந்துணை செய்கின்றது. உயிர்க்குக் கேவலம், சகலம், சுத்தம் என நிலைகள் மூன்று. கேவலத்தில் உயிர் கருவிகளின்றி ஆணவ இருளில் அறிவு, இச்சை, செயல் மூன்றும் விளங்காது கிடக்கும். சகலத்தில் உடலும் அந்தக்கரணங்களுமாகிய கருவிகளோடு கூடிச் சிறிது அறியும். சுத்தத்தில் மலம் நீங்கித் திருவருளில் அழுந்தும். கேவலம், சுத்தம் இரண்டினும் கருவிகளின் ஆரவாரம் இல்லை. ஆகலின் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றில் இருள் விழுங்கியது. மற்றொன்றில் ஒளி விழுங்கியது. விடியுமுன் கையிலுள்ள விளக்கை அவித்தவன் பகலை அடைந்தவன் ஆகான்; இருளையே அடைந்தான். மிகை கஞ்சாவால் மனம் புத்திகளை அவிப்பானும் அத்தன்மையன். மேலும், உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. சிவத்தைச் சார்ந்த உயிர் மயக்கம் தெளிந்தபின் அஞ்சி நடுங்குவதில்லை. அன்பும் அடக்கமும் உடையதாய் அடியாரைப் போற்றும். கஞ்சாவைச் சார்ந்த உயிரோ தெளிந்தபின் மீண்டும் கஞ்சாவையே நாடும். கனியைக் கொண்டு மரத்தை அறிக.

"எம்பெருமான் நஞ்சுண்டனரே, அடியேம் உண்டால் என்?" என்பாரும் உளர். அவர் உண்டது பிறர் துன்பம் நீங்க. இவர் உண்பது பெற்றோரும் மனைவி மக்களும் துன்புற. அது கருணை, இது விளையாட்டு. "1894இல் இந்தியச் சணற்போதை ஆணையம் மிதமான வழக்கத்தாற் பெருந்தீங்கில்லை யென்றதே" எனின், மிகை வழக்கம் தீங்கென்றதும் அவ்வறிக்கையே. பாதியை மட்டும் படித்தல் முறையன்று. 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டம் பாங்கு இலையை விலக்கிக் கஞ்சாவையும் சரஸையும் தடுத்திருத்தலால், இலை குற்றமற்றதென்பாரும் உளர். சட்டம் தண்டியாமை உடலும் தண்டியாமைக்குச் சான்றாகாது.

ஒருவர் அறிந்தோ அறியாதோ மிகையாக உண்டுவிட்டாராயின், அவரை இகழ்ந்து அச்சத்தை மிகுத்தல் சைவர்க்கு அழகன்று. அமைதியான இடத்தில் அமர்த்தித் தனியே விடாது உடனிருக்க. மேலும் உண்ணவும், வண்டி செலுத்தவும் விடற்க. மயங்கி வாந்தி எடுப்பாரை ஒருக்களித்துக் கிடத்துக. நெஞ்சுநோவு, வலிப்பு, நினைவிழப்பு, மூச்சுத்தளர்ச்சி, தன்னையோ பிறரையோ ஊறுபடுத்தும் வெறி இவற்றுள் ஒன்று தோன்றினும், உண்டவர் குழந்தையாயினும், 108 என்னும் எண்ணுக்கு அழைத்து உடனே மருத்துவமனை சேர்க்க. உண்டதை நாணத்தால் மறையாது மருத்துவர்க்கு உரைக்க. உயிர் காத்தலும் சிவபூசையே.

அன்பர்காள், இறைவன் நமக்கு அருளிய அறிவு சிறிதே எனினும் அதுவே அவனை நினைத்தற்கு வாய்த்த கருவி. வில்வமும் நீரும் கொண்டு, ஐந்தெழுத்தை உள்ளத்திருத்தி, விழித்த கண்ணோடு சிவராத்திரி கழிப்பதே விழித்திருத்தல் எனப்படும். மயங்கிக் கிடப்பார்க்கு அவ்விரவு பிற இரவுகளைப் போன்றதொரு இருட்டேயாம்.

சிவம்.