நாலூரானுக்கும் வீடு: பகைத்தவரைப் பொறுப்பது தகுமோ?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்துக் காவலூர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள வானோக்கு நிலையத்தின் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்து, வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயரை அதற்குச் சூட்டினார். ஐந்தாண்டுகள் சென்றபின், 1991 மே 21 இரவு, எம்பெருமானாரின் திருவவதார ஸ்தலமான ஸ்ரீபெரும்பூதூரில் அவர் மனித வெடிகுண்டுக்கு இரையானார். அவரோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாகப் பலர் மாண்டனர். ஏறக்குறைய 17 ஆண்டுகள் கழிந்து, 2008 மார்ச் 19 அன்று, அவருடைய மகள் பிரியங்கா வேலூர்ப் பெண்கள் சிறைக்கு வந்து, அக்கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த நளினியைச் சந்தித்தார்.

காவலூர், ஸ்ரீபெரும்பூதூர், வேலூர் ஆகிய மூன்றும் வடதமிழகத்தில் உள்ள ஊர்கள். இந்த மூன்று ஊர்களுக்கிடையே ஒரு பெரிய தர்மஸங்கடம் கிடக்கிறது. அரசியல் வன்முறையால் நம்மவரைக் கொன்றவர்களோடு, ஒரு சந்திப்பாலோ ஒரு சொல்லாலோ ஓர் அடையாளச் செயலாலோ இணக்கம் கொள்வது சரியா? எம்பெருமானார் அவதரித்த மண்ணில் சிந்திய ரத்தத்தைப் பற்றிய கேள்வியாகையால், அவர் ஸம்பந்தம் பெற்ற நாம் இதை ஆராயாமல் விடுவதற்கில்லை.

நடந்தவற்றை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவரான கே.டி. தாமஸ், நளினிக்கு ஆயுள் தண்டனையே போதும் என்று மாறுபட்டார். நளினிக்குச் சிறையிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அவருக்குக் கருணை காட்டுமாறு ராஜீவின் மனைவி சோனியா காந்தி வேண்டினார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகே மகள் வந்த அந்தச் சந்திப்பு. அது விளம்பரமின்றி நிகழ்ந்தது; ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே உலகுக்குத் தெரிந்தது. தாம் அனுபவித்த வன்முறையோடும் இழப்போடும் சமாதானம் கொள்ளும் வழி அது என்ற கருத்தில் பிரியங்கா விளக்கம் சொன்னார்.

பூர்வபக்ஷம்

இதை மறுப்பவர்களின் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. நான்கு ஆக்ஷேபங்களாக அவற்றைத் தொகுக்கலாம்.

ஒன்று: பொறுக்கும் உரிமை அடிபட்டவனுக்கே உண்டு. மாண்டவர் பேச மாட்டார். அவருக்காக இன்னொருவர் பொறுப்பது எப்படிக் கூடும்? அன்று ஸ்ரீபெரும்பூதூரில் மாண்ட காவலர்களின் வீட்டாரை யார் கேட்டார்கள்?

இரண்டு: பொறுமை தண்டத்தைத் தளர்த்திவிடும். அரசனிடம் தண்டம் தளர்ந்தால் எளியவர்களை வலியவர்கள் விழுங்குவர்.

மூன்று: அநுதாபம் இல்லாதவனைப் பொறுப்பது, அவன் செய்ததை அங்கீகரிப்பதாகாதோ?

நான்கு: அடையாளச் செயல் வெறும் நடிப்பு. உள்ளத்தில் பகை இருக்கக் கை குவிப்பதால் பயன் என்ன?

யாருக்குப் பொறுக்க உரிமை?

முதல் ஆக்ஷேபத்துக்கு அம்பரீஷன் சரிதமே விடை. துர்வாஸர் அம்பரீஷனிடம் அபசாரப்பட்டார். திருவாழி அவரைத் துரத்தியது. பிரமனிடமும் ருத்ரனிடமும் ஓடிப் பலிக்காமல், முடிவில் எம்பெருமான் திருவடியிலே விழுந்தார். ஸர்வேச்வரனாயிருந்தும் அவன் தான் பொறுத்ததாகச் சொல்லவில்லை. தன் அடியானிடம் செய்த குற்றத்தை அடியானே பொறுக்க வேண்டும் என்று அம்பரீஷனிடமே திருப்பியனுப்பினான். ஸர்வசக்தனுக்கும் தன்னை அடைந்தவன் பட்ட காயத்தைக் கடந்து பொறுக்கத் திருவுள்ளமில்லை என்றால், அரசுக்கோ கட்சிக்கோ தலைவருக்கோ பிறர் காயத்தைப் பொறுக்கும் அதிகாரம் எங்கிருந்து வரும்?

ஆகவே ஆக்ஷேபத்தின் பாதி உண்மை. மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். தந்தையைப் பறிகொடுத்த மகளுக்கும் ஒரு காயம் உண்டு. அது தந்தையின் காயம் அன்று, அவளுடையதே. அதைப் பொறுக்க அவளுக்கு முழு உரிமை உண்டு. காவலரின் மனைவிக்கு நேர்ந்ததை அவள் பொறுக்க இயலாது. அது அம்மனைவியின் சொத்து. 2018இல் ராகுல் காந்தி சிங்கப்பூரில் பேசியபோது, தாமும் தங்கையும் முற்றிலும் பொறுத்துவிட்டதாகச் சொன்னது அவர்கள் இருவர் பங்கைப் பற்றியதே. 2022இல் எஞ்சியோர் விடுதலையானபோது, அன்று காயமுற்ற காவல்துறையினர் சிலரும் மாண்டோர் குடும்பத்தார் சிலரும் கண்டித்தார்கள். அவர்களைக் கருணையற்றவர்கள் என்று நாம் சொல்வோமாகில், அது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அபசாரமாகும். ஒருவர் பொறுத்தது இன்னொருவருக்கு ஆணையாகாது.

பொறுமையும் தண்டமும்

இரண்டாம் ஆக்ஷேபத்துக்குக் காகாஸுர வ்ருத்தாந்தத்தை நினைக்க வேண்டும். பிராட்டி திறத்திலே அபசாரப்பட்ட காகம் மூவுலகும் திரிந்து, புகல் இன்றிப் பெருமாள் திருவடியிலே விழுந்தது. பெருமாள் உயிரைக் கொடுத்தார். ஆனால் விட்ட அஸ்த்ரம் வீணாகாதபடி அதன் வலக்கண்ணை அது கொண்டுபோயிற்று. ரக்ஷணமும் தண்டமும் ஒரே இடத்தில், ஒன்றையொன்று அழிக்காமல் நின்றன. நெஞ்சில் பகையின்றியும் தண்டிக்கலாம். தண்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பகையை விடவும் செய்யலாம்.

வேலூரில் நடந்தது இவ்வகையே. மகள் வந்து போன பின்னும் சிறைக் கதவு மூடியே இருந்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளனையும், நவம்பர் 11 அன்று நளினி உள்ளிட்ட அறுவரையும் விடுவித்தது உச்ச நீதிமன்றம். அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவின் அதிகாரத்தைக் கொண்டு அது செய்யப்பட்டது. அந்தத் தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று என்று காங்கிரஸ் கட்சியே அறிவித்தது. குடும்பத்தாரின் பொறுமை ஒரு வழியிலும், கட்சியின் கருத்து ஒரு வழியிலும், சட்டம் தன் வழியிலும் சென்றன. இவை வெவ்வேறாக நின்றதில் பிழை ஏதுமில்லை. மூன்றையும் ஒன்றாகக் குழைக்கும்போதுதான் ஆபத்து.

வருந்தாதவரைப் பொறுக்கலாமோ?

மூன்றாவது ஆக்ஷேபமே கடினமானது. விபீஷணாழ்வான் சரணம் புகுந்து வந்தான்; காகமும் வேறு கதியின்றியாவது விழுந்தது. அசோகவனத்து ராக்ஷஸிகளோ ஒன்றும் செய்யவில்லை. போர் முடிந்து, திருவடி அவர்களைக் கொல்லப் பிராட்டியிடம் அநுமதி கேட்டபோது, அவர்கள் அரசன் ஏவலுக்கு உட்பட்டவர்கள் என்றும், குற்றம் செய்யாதவர் உலகில் யார் என்றும் சொல்லி அவள் தடுத்தாள். புகல் கேட்டவரைக் காத்த பெருமாளைக் காட்டிலும், கேளாதவரைக் காத்த பிராட்டியின் ஏற்றத்தை ஸ்ரீபராசரபட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் கொண்டாடுகிறார்.

இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. பத்து மாதம் துன்பம் பட்டவளும் அவளே, பொறுத்தவளும் அவளே. அவள் அவர்கள் செயலை நல்லதென்று சொல்லவில்லை. குற்றம் என்றே சொன்னாள். குற்றத்தைக் குற்றம் என்று பெயரிட்ட பிறகே பொறுமைக்கு இடமுண்டு. பெயரிடாமல் மறைப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை, மறதி என்றே பெயர். வருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உண்மை மறையாதிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

ஆழ்வான் கேட்ட வரம்

நான்காம் ஆக்ஷேபத்துக்கு நம் ஸம்ப்ரதாயத்திலேயே அரசியல் வன்முறையின் நடுவில் நின்ற ஒருவர் விடை தருகிறார். குருபரம்பரை சொல்லும் ஐதிஹ்யம் யாவரும் அறிந்தது. கிருமிகண்ட சோழன் எம்பெருமானாரைச் சபைக்கு அழைத்தபோது, ஆழ்வான் காஷாயம் தரித்து அவருக்காகப் போனார். பெரிய நம்பியும் உடன் சென்றார். ஓலையில் கையெழுத்திட மறுத்ததால் இருவரும் திருக்கண்களை இழந்தார்கள். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருளிப் பன்னிரண்டு ஆண்டுகள் திருவரங்கத்தைப் பிரிந்திருந்தார். இத்தனைக்கும் தூண்டுகோலாயிருந்த நாலூரான் ஆழ்வானுக்கே சிஷ்யன்.

பின்னாளில் காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதியில் வரம் கேட்க நேர்ந்தபோது, கண்ணைக் கேட்கச் சென்ற ஆழ்வான், தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்டார். நாலூரான் அப்போது அங்கே இல்லை. கைகோத்துக் காட்சி கொடுக்கவில்லை. கேட்டது பெருமாள் ஸந்நிதியில், அடைவது பகைத்தவன், கேட்டவருக்குக் கண் திரும்பவில்லை. அடையாளச் செயல் நடிப்பா உண்மையா என்று அறிய இதுவே உரைகல்: செய்பவர் அதில் ஏதேனும் இழக்கிறாரா, பிறர் பார்ப்பதற்காகச் செய்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

அமுதனார் ஆழ்வானை மூன்று செருக்கையும் கடந்தவராகப் பாடினார். குலம், செல்வம், கல்வி என்று பெரியோர் அவற்றை விரிப்பர். பொறுத்தவனுக்கு நாலாவதாக ஒரு செருக்கு உண்டு: நான் பொறுத்தேன் என்னும் செருக்கு. துர்வாஸர் காலைப் பற்றியபோது அம்பரீஷன் வெட்கப்பட்டான் என்று பாகவதம் சொல்லும். பொறுப்பவனுக்கு அந்த வெட்கம் வேண்டும்.

இன்னொன்றும் நினைக்க வேண்டும். பெரிய நம்பியின் திருமகளார் அத்துழாய் அந்தப் பயணத்தில் தந்தையோடு சென்றிருந்தார். அவர் தந்தையை இழந்தார். ஐதிஹ்யம் சொல்வது ஆழ்வான் கேட்ட வரத்தை மட்டுமே. அத்துழாயின் துக்கத்துக்காக அவர் எதையும் விட்டுக்கொடுத்ததாக அது சொல்லவில்லை. தமக்குரியதை மட்டுமே அவர் கொடுத்தார்.

மறுகரையில் நிற்பவர்கள்

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் ஈழத்து மண்ணிலிருந்து உலகெங்கும் சிதறியவர்களும் உண்டு. 1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனையில் இந்திய அமைதிப்படையின் துப்பாக்கிகளுக்கு மருத்துவரும் செவிலியரும் நோயாளிகளும் பலியானதை அவர்கள் மறக்கவில்லை. ஒரு கொடுமை மற்றொன்றை நியாயமாக்காது. மருத்துவமனையில் மாண்டவர் பெயரால் ஸ்ரீபெரும்பூதூரில் கொல்வதற்கு எந்தச் சாஸ்திரமும் இடம் தராது. ஆனாலும், பிறர் நம்மிடம் அபசாரப்பட்டதை மட்டும் எண்ணி, நம்மவர் பிறரிடம் அபசாரப்பட்டதை எண்ணாத இணக்கம் ஒற்றைக் காலில் நிற்பதாகும்.

வலியவர் எளியவரிடம் இணக்கத்தைக் கட்டாயமாகக் கேட்பதும் தகாது. இலங்கையில் 2009இல் போர் முடிந்தபின் நல்லிணக்கம் என்னும் சொல் மிகுதியாக வழங்கலாயிற்று. அப்பெயரில் ஆணைக்குழுவும் அமைந்தது. அங்கே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். தம் பிள்ளைகளுக்கு நேர்ந்தது என்ன என்பதே அவர்கள் கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் அவர்களைப் பொறுக்கச் சொல்வது, கண்ணைப் பறித்தவனே ஆழ்வானிடம் வந்து வரம் கேட்கச் சொல்வதை ஒக்கும். தென்னாப்பிரிக்காவில் பேராயர் டுட்டு தலைமை ஏற்ற ஆணையம், குற்றத்தை முழுவதும் வெளியிட்டவர்க்கே பொதுமன்னிப்பு என்று வைத்த விதியும் இந்த நியாயத்தைத் தழுவியதே. அங்கும் அதை ஏற்காத குடும்பங்கள் இருந்தன.

தேறிய பொருள்

ஆக, பகைத்தவரோடு அடையாளமாக இணங்குவது தகும். அடிபட்டவர் தாமே தம் பங்கைப் பொறுத்து, குற்றத்தைக் குற்றம் என்றே வைத்து, பிறர் துக்கத்தைத் தம்முடையதாகச் செலவழிக்காமல், காட்சிக்காக அன்றிச் செய்வாராகில் அது ஆழ்வான் அடியொற்றிய செயல். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது குறையுடையதே. பொறுக்க மாட்டாதவரைப் பழிக்கவும் நமக்கு அதிகாரமில்லை.

நமக்கு இதில் ஒரு கைங்கர்யம் உண்டு. தமக்குத் தீங்கு செய்தவர் திறத்தில் பொறையும் க்ருபையும் வேண்டும் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் உபதேசித்தார். கிருமிகண்ட சோழன் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, சிவனடியார்கள் மீது கோபம் மூளும்படி சொல்கிறோமா, அல்லது நாலூரானுக்காகக் கேட்ட வரத்தில் முடியும்படி சொல்கிறோமா? அந்த அரசன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆழ்வானே விட்டுவிட்ட பகையை அவர் பெயரால் நாம் தூக்கிச் சுமப்பது, அவர் கண் கொடுத்துப் பெற்ற பேற்றைக் குலைப்பதாகும்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.