எடைபோட வேண்டியவர் யார்?

ஓர் உறுப்பைக் காக்கும் மருத்துவத்தால் மற்றோர் உறுப்பு நலியக்கூடுமாயின், அதனை ஏற்பதா விடுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது?

தளர்ந்த இதயத்தின் இடக் கீழறையோடு சிறு பம்பு ஒன்றை இணைத்து, வயிற்றுத் தோலைத் துளைத்து வரும் கம்பி வழியே மின்கலத்தால் அதை இயக்குகின்றனர் மருத்துவர்கள். சென்னையில் டாக்டர் கே. ஆர். பாலகிருஷ்ணன் குழுவினரும் இதனைப் பொருத்தியுள்ளனர். 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருந்து மட்டும் பெற்றோருள் ஓராண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 25 பேர். பம்பு பெற்றோருள் 52 பேர். கருவிகள் அதன்பின் மேலும் திருந்தியுள்ளன. இப்பயன் சிறிதன்று.

சிறுநீரகத்தின் நிலை என்ன? கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நம் வயல்களுக்கு வருகிறது. வரத்துக் குறைந்தால் பயிர் காயும். வடிகால் அடைத்தால் அதே பயிர் அழுகும். இதயம் அனுப்பும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. பம்பு ஓடத் தொடங்கியதும் வரத்துப் பெருகிப் பலருக்கு அவை தேறுகின்றன. ஆயினும் சில மாதங்களில் அத்தேற்றம் குறைவதுண்டு. பம்பின் துணையற்ற வலப்பக்க இதயம் தளர்ந்தால், திரும்ப வேண்டிய குருதி தேங்குகிறது. பம்பில் சிவப்பணுக்கள் சிதைந்தாலும் சிறுநீரகம் நலியும். அது முற்றும் செயலிழந்தால் டயாலிஸிஸ் வேண்டும். நாடியே சரியாகப் பிடிபடாத அவ்வுடலில் வழக்கமான கருவியால் இரத்த அழுத்தம் அளப்பதே அரிது. அதற்குப் பழகியோரை நாடித் தேனியிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்ல நேரின், வாரத்தில் எத்தனை முறை செல்வது?

ஒரு தீங்கை அதையொத்த தீங்கால் நீக்கலாகாது என்பதும், பெருந்தீங்கைச் சிறுதீங்கால் நீக்கலாம் என்பதும் ஃபிக்ஹுக் கலையின் விதிகள். 19ஆம் நூற்றாண்டில் உதுமானியர் தொகுத்த மஜல்லாவில் இரண்டும் இடம்பெற்றுள்ளன. முதல் விதியைக் காட்டிப் பம்பே வேண்டாம் என்போரும், இரண்டாவதைக் காட்டி உயிருக்கு முன் சிறுநீரகம் எம்மாத்திரம் என்போரும் இருக்கலாம். எது பெரிது, எது சிறிது என்பதைச் சுமப்பவரைக் கேளாமல் இவ்விருவரும் எங்ஙனம் அறிவர்?

1982 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், பல் மருத்துவர் பார்னி கிளார்க்குக்கு முழுச் செயற்கை இதயம் பொருத்தினர். 112 நாள் வாழ்ந்து, உறுப்புகள் பல செயலிழக்க அவர் மறைந்தார். வேண்டாமென்று தோன்றின் எந்திரத்தை நிறுத்திக்கொள்ள அவரிடம் ஒரு சாவி தரப்பட்டிருந்தது. தன் கையால் தன் உயிரை முடிக்கும் சாவியை நாம் ஏற்பதற்கில்லை; உயிர் நம்மிடம் உள்ள அமானத். ஆனால் அறிவு என்னும் சாவி அறுவைக்கு முன்பே நோயாளியின் கையில் இருந்தாக வேண்டும்.

நம் ஊர்களில் நடப்பதென்ன? மருத்துவர் மகனைத் தனியே அழைத்துச் சொல்கிறார். "அத்தாவிடம் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடும்" என்கிறான் மகன். அன்பினால்தான் மறைக்கிறான், ஐயமில்லை. எனினும் அந்த அமானத் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டதேயன்றி மகனிடம் அன்று. இதயத்தின் நலத்தையும் சிறுநீரகத்தின் இடரையும் அவருக்கு விளங்கும் தமிழில் ஒருசேர எடுத்துரைத்து, அவர் யோசிக்க நாள் கொடுப்பதே நீதி. அதன்பின் அவர் "சரி" என்றாலும் "வேண்டாம்" என்றாலும், அதை மதிப்பது நம் கடமை.