வேகத்துக்குக் காண்டல், பாதுகாப்புக்கு உரை

விபிஎன் செயலியில் ஒரு நாட்டின் பெயரைத் தட்டுபவர் இரண்டு கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் விடை சொல்லிவிடுகிறார். இணையம் எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்பது முதல் கேள்வி. தன் போக்குவரத்தை யார் கண்ணில் படவிடுவது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான விடை சில நொடிகளில் திரையில் தெரிந்துவிடும். இரண்டாவதற்கான விடை ஒருபோதும் தெரிவதில்லை. அது சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். தெரிந்ததற்கும் சொல்லப்பட்டதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை இந்தியத் தத்துவ மரபு அளவை என்ற தலைப்பில் வைத்து நெடுங்காலம் வாதிட்டிருக்கிறது.

ஒரு பொருளை அறிந்ததாகச் சொல்வதற்கு எது ஆதாரமோ அது அளவை, வடமொழியில் பிரமாணம். மணிமேகலையின் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'யில் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிச் சொல்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அவற்றையெல்லாம் மூன்றுக்குள் அடக்குகிறது: கண்டறிவது காண்டல், கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. கடவுளையும் உயிரையும் நிறுவுவதற்காகக் கூர்தீட்டப்பட்ட கருவிகள் இவை. விபிஎன் சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் மூன்றுக்கும் வேலை இருக்கிறது. எதற்கு எது என்பதில்தான் குழப்பம்.

விபிஎன் செய்யும் வேலை எளியது. போனிலிருந்து புறப்படும் தகவல் முழுவதையும் மறையாக்கம் செய்து, வேறோர் இடத்தில் உள்ள சர்வருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது இணையத்துக்குள் போகிறது. இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு விபிஎன் சர்வரின் முகவரி தெரியும். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது தெரியாது. சென்றடையும் இணையதளத்துக்கோ வந்தவரின் சொந்த ஐபி முகவரி தெரியாது. இரண்டு முனையும் தெரிந்தவர் ஒருவர் உண்டு: விபிஎன் நிறுவனம். முன்பு இணைய நிறுவனம் நின்ற இடத்தில் இப்போது இவர் நிற்கிறார். பார்ப்பவர் மாறினார், பார்வை ஒழியவில்லை. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

வேகம் காண்டலுக்கு உட்பட்டது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒரு மில்லி செகண்டுக்கு 200 கிலோமீட்டர். திண்டுக்கல் மாவட்டத்தில் தாடிக்கொம்பை அடுத்த அகரத்தில் ஒருவர் இணைப்பைத் திறக்கிறார் என்று கொள்வோம். சாலைக் கணக்கில் சென்னை சுமார் 420 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒளிக்கு நான்கைந்து மில்லி செகண்ட் போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்; போய்த் திரும்ப 29 மில்லி செகண்டுக்குக் குறையாது. லண்டன் என்றால் 82-க்குக் குறையாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடப்பில் இன்னும் கூடும். இதற்கு மேல் சர்வரில் நெரிசல் எவ்வளவு, எந்த நெறிமுறை, வீட்டு வைஃபை எப்படி என்பதெல்லாம் சேர்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு நிரம்பி வழியும் பக்கத்துச் சர்வரைவிட, ஆளில்லாத தூரத்துச் சர்வர் ஒரு படத்தை விரைவாக இறக்கித் தரலாம். ஆனால் வீடியோ அழைப்பிலும் ஆன்லைன் விளையாட்டிலும் தூரம் தன் கணக்கை வசூலித்தே தீரும்.

2022 வரை பெரிய விபிஎன் நிறுவனங்கள் பலவற்றுக்கு இந்திய மண்ணிலேயே சர்வர்கள் இருந்தன. அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ், மத்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது. வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரிகள், எதற்காகச் சேவையைப் பெறுகிறார் என்ற காரணம் ஆகியவற்றைப் பதிந்து, அவர் விலகிய பிறகும் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது அது. அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு இது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. ஜூன் மாதம் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை இந்தியச் சர்வர்களை அகற்ற முடிவெடுத்தன. செப்டம்பரில் புரோட்டான் விபிஎன் வெளியேறியது. அதே மாதம் 25-ஆம் தேதி ஆணை நடைமுறைக்கு வந்தது.

பட்டியலிலிருந்து இந்தியா என்ற பெயர் மட்டும் போகவில்லை. எக்ஸ்பிரஸ்விபிஎன் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்த இயந்திரங்களுக்கு இந்திய ஐபி முகவரி கொடுத்து, 'இந்தியா, சிங்கப்பூர் வழி' என்று எழுதியது. வேறு சிலரும் அதையே செய்தனர். அகரத்தில் இருப்பவர் அதைத் தட்டிவிட்டுச் சென்னையில் உள்ள ஓர் இணையதளத்தைத் திறந்தால், கோரிக்கை வங்காள விரிகுடாவைக் கடந்து சிங்கப்பூர் போய், மறுபடி கடலைக் கடந்து சென்னை வந்து, பதிலை எடுத்துக்கொண்டு மறுபடி சிங்கப்பூர் போய், நான்காம் முறையாகக் கடலைக் கடந்து வீடு வருகிறது. 2002-இல் திறக்கப்பட்ட சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதைப் போன்ற ஒரு வழியில் நான்கு கடப்புக்கு ஒளிக்கே 64 மில்லி செகண்ட் ஆகும். சென்னையில் உள்ள ஒரு தளத்தைப் பார்க்க இத்தனை பயணம். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று பயனர் குறைப்படும்போது, அந்தப் பெயர்ப்பலகை அவருக்கு எதையும் விளக்குவதில்லை.

சர்வர் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் காண முடியாது. ஆனால் கருதி அறியலாம். லண்டன் என்று எழுதிய சர்வர் 45 மில்லி செகண்டில் பதில் தந்தால், அது 4,500 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எனவே லண்டனில் இல்லை. ஒளியின் வேகம் எந்த நிறுவனத்துக்கும் சலுகை தராது என்பதால் இந்த அனுமானம் உறுதியானது. மாற்றிப் போட்டால் நிற்காது. 'இந்தியா' என்ற சர்வர் 45 மில்லி செகண்ட் எடுத்தால் அது சிங்கப்பூரில் இருக்கலாம்; நெரிசலில் சிக்கிய சென்னைச் சர்வராகவும் இருக்கலாம். தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு இதுவே: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இல்லை, பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. விரைந்த பதில் அருகாமைக்குச் சான்று. தாமதமான பதில் தூரத்துக்குச் சான்றாகாது. பதில் வரும் நேரத்தைக் காட்டும் பிங் எண்ணைப் பார்த்து இடத்தைத் தீர்மானிப்பவர்களில் பலர் வழுக்கி விழுவது இந்த இரண்டாம் படியில்தான்.

பாதுகாப்புக்கு வந்தால் முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்க வேண்டியிருக்கிறது. நாட்டை மாற்றினால் மறையாக்கம் வலுவடைவதில்லை. வயர்கார்டு நெறிமுறை சிங்கப்பூரிலும் ஸ்வீடனிலும் ஒரே கணிதத்தைத்தான் பயன்படுத்துகிறது. திண்டுக்கல் பூட்டு எந்த ஊர்க் கதவில் தொங்கினாலும் அதே பூட்டுதான். கதவு இருக்கும் ஊரைப் பொறுத்து மாறுவது, வந்து திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது. சர்வர் நிற்கும் நாட்டின் சட்டம், நிறுவனம் பதிவு செய்யப்பட்ட நாட்டின் சட்டம், இயந்திரத்தை வாடகைக்கு விட்ட தரவு மையத்தின் ஒழுங்கு ஆகிய மூன்றும் இதில் கலந்திருக்கின்றன. நார்ட்விபிஎன் பின்லாந்தில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வருக்குள் 2018-இல் வெளியார் நுழைந்தனர். தரவு மையம் வைத்திருந்த தொலைமேலாண்மை வசதியே அதற்கு வழிவிட்டது. செய்தி வெளியே வந்தது 2019 அக்டோபரில்.

பயனரின் நடமாட்டத்தைப் பதிவதில்லை என்ற வாக்குறுதிதான் இந்தத் தொழிலின் முதல் சரக்கு. அதை எந்தச் சோதனையாலும் காண முடியாது. சர்வருக்குள் எழுதப்படும் கோப்பு பிங் எண்ணை மாற்றுவதில்லை. ஆகவே கருதலுக்கும் பிடி கிடைப்பதில்லை. எஞ்சுவது உரை ஒன்றே. காண்டல் மட்டுமே அளவை என்ற உலகாயதர் இங்கே வந்தால், வேகத்தை அளந்துவிட்டுப் பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல வழியில்லாமல் நிற்பார். செயலிக் கடையில் நட்சத்திரம் தருபவர்களில் பாதிப்பேர், அறிந்தோ அறியாமலோ, அந்தக் கட்சி.

யாருடைய உரை அளவையாகும்? நியாய சூத்திரத்துக்கு விளக்கம் எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்தவனும் அறிந்தபடியே சொல்ல விரும்புபவனுமே ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், என்கிறார். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்க்கிறார். பிறப்போ நாடோ உரையைச் செல்லுபடியாக்குவதில்லை என்பது இதில் அடங்கிய கருத்து. 'சுவிட்சர்லாந்து நிறுவனம், ஆகவே நம்பலாம்' என்ற பேச்சுக்கு இது நேர் மறுப்பு. விபிஎன் நிறுவனம் முதல் தகுதியில் தேறிவிடுகிறது. தன் சர்வரில் நடப்பது அதற்குத் தெரியும். ஐயம் இரண்டாம் தகுதியில்: உள்ளபடி சொல்வது சந்தா வசூலிப்பவருக்கு எப்போதும் லாபமா?

காஞ்சிப் பகுதியில் பிறந்தவராக மரபு கூறும் பௌத்த அறிஞர் திங்நாகர், உரையைத் தனி அளவையாக ஏற்கவில்லை. சொல்பவர் நம்பத்தக்கவர் என்பதையே கருதி அறிய வேண்டும் என்பதால், உரை அனுமானத்துக்குள் அடங்கும் என்றார். நடைமுறைக்கு மிகவும் பயன்படுவது இந்த நிலைதான்: சொன்னவரை அவருக்கு நேர்ந்த சோதனைகளைக் கொண்டு எடைபோடலாம். 2016 டிசம்பரில் துருக்கியில் ரஷ்யத் தூதர் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்தவர்கள் எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வர் ஒன்றைக் கைப்பற்றினர். பயனரைக் காட்டும் பதிவு எதுவும் அதில் கிடைக்கவில்லை. 2017-இல் ஓர் அமெரிக்க வழக்கில் நேர்ந்தது இதற்கு மறுதலை. பயன்பாட்டைப் பதிவதில்லை என்று சொல்லிவந்த பியூர்விபிஎன் நிறுவனத்தின் இணைப்புப் பதிவுகள் எஃப்பிஐ கைக்குப் போய், ஆளை அடையாளம் காண உதவின. 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடன் போலீசார் சோதனை ஆணையோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினர். கடைசிச் செய்தியை முதலில் வெளியிட்டது முல்வாடே என்பதால், அதைவிடத் துருக்கி நிகழ்வுக்கு எடை அதிகம். அங்கே சர்வரையே கைப்பற்றிச் சோதித்தவர் எதிர்த்தரப்பு.

தணிக்கை அறிக்கைகள் இந்த எடையைக் கூட்டுகின்றன, ஓரளவுக்கு. பெரிய கணக்கு நிறுவனம் ஒன்று சர்வர்களைப் பார்த்துப் பதிவுகள் இல்லை என்று எழுதுகிறது. பார்த்த நாளில் பார்த்த இயந்திரங்களுக்கு அது பொருந்தும். ஒரு சொல்லுக்குச் சான்றாக இன்னொரு சொல், அதற்கு மூன்றாவது என்று போனால் தருக்கம் கூறும் அனவஸ்தை என்னும் முடிவிலாக் குற்றம் நேரும். மீமாம்சகர் இதற்கு வேறு விடை வைத்திருந்தார்கள்: எந்த அறிவும் பிழை காட்டப்படும்வரை தானாகவே செல்லும், வெளிச்சான்று தேட வேண்டியதில்லை. வேதத்துக்காகச் சொன்ன நியாயம் அது. மாதச் சந்தாவுக்கு நீட்டினால் ஏமாற வாய்ப்பு அதிகம். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலர் விபிஎன் பக்கம் திரும்பினார்கள். அப்படிப்பட்ட அவசரத்தில் முதலில் அகப்பட்ட இலவசச் செயலியை நம்புபவர், தெரியாமலே மீமாம்சகராகிறார்.

உரையின் தேவையையே குறைப்பது இன்னொரு வழி. வட்டே இல்லாமல் ரேமில் மட்டும் ஓடும் சர்வர், மின்சாரம் போனால் எல்லாவற்றையும் இழந்துவிடும். முல்வாட் பெயரும் மின்னஞ்சலும் கேட்பதில்லை. ஓர் எண்ணைத் தருகிறது, தபாலில் ரொக்கமும் வாங்கிக்கொள்கிறது. தெரியாததை யாரிடமும் சொல்ல முடியாது. சாதாரண வங்கிப் பரிமாற்றத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. அங்கே இணையதளத்தின் எச்டிடிபிஎஸ் மறையாக்கம் ஏற்கெனவே உள்ளடக்கத்தை மறைத்துவிடுகிறது, தூரத்துச் சர்வரால் கூடுவது தாமதம் மட்டுமே.

உரையின் தேவையைக் குறைக்கும் வழியில் கடைசிவரை போவது டோர் வலையமைப்பு. தகவல் மூன்று கணினிகள் வழியே போகும். முதலாவதற்கு அனுப்பியவர் தெரியும், மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், இரண்டும் தெரிந்தவர் எவரும் இல்லை. மூன்றும் மூன்று நாடுகளில் இருக்கலாம் என்பதால் பாதை நீண்டு, அகரத்திலிருந்து ஒரு பக்கத்தைத் திறக்கவே பல நொடிகள் ஆகலாம். தனி ஒருவரை நம்பாமல் இருப்பதற்கான விலை இங்கே வேகத்தில் கழிகிறது. முதல் கணினியையும் மூன்றாவதையும் ஒரே ஆள் நடத்தினால் இந்த ஏற்பாடு உடையும். நடத்துபவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதற்கு அவரவர் தெரிவித்த விவரமும், வலையமைப்பைக் கவனித்துவரும் தன்னார்வலர்கள் போலிகளைக் கண்டு நீக்குவதுமே ஆதாரம்.