கை நடுங்கிய பிறகு

2018 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து ராஜபாளையம் போகும் இரவுப் பேருந்தில், அன்றுதான் வெளிவந்திருந்த ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ‘ஃபயர்பவர்’ ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டு போனேன். அவர்களுடைய 18ஆவது ஸ்டூடியோ ஆல்பம். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 66 வயது, கிடாரிஸ்ட் க்ளென் டிப்டனுக்கு 70. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் டிப்டன் தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை வெளியே சொல்லியிருந்தார். கண்டுபிடித்துப் பத்து வருடமாகிவிட்டது, இனி சுற்றுப்பயணம் போக முடியாது என்று.

அதனால் அன்றைக்கு நான் பாட்டுக் கேட்கவில்லை, உளவு பார்த்தேன். ஒவ்வொரு சோலோவையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். இது டிப்டனா, இளையவர் ரிச்சி ஃபால்க்னரா? இந்த இடத்தில் விரல் தயங்குகிறதோ? பதினைந்து வயதிலிருந்து எனக்குத் தைரியம் கொடுத்த ஒரு கையைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருமங்கலம் தாண்டும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஹெவி மெட்டல், ஆலைகளுக்குப் பக்கத்தில் பிறந்த இசை. பர்மிங்காமையும் அதைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டறை ஊர்களையும் சேர்ந்த பையன்கள் உண்டாக்கியது. பிளாக் சாபத்தின் டோனி அயோமி, தகடு வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு வாசித்தார். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே பட்டறைச் சத்தம் கேட்கும் என்று ஹால்ஃபோர்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பஞ்சாலைச் சங்குச் சத்தத்தில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடர். ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்தால் ஓடும் ஸ்பிண்டிலை ஒரு கையால் நிறுத்தி, மறு கையால் நூலை ஒட்டி விடுவதுதான் வேலை. கண் இமைப்பதற்குள் முடியவேண்டும். முப்பது வருடம் அதைச் செய்தவரின் வலது கை, 2016 வாக்கில் நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் இல்லை, வேறு வகை நடுக்கம் என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னார். ஆனால் அதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளவே இரண்டு வருடம் ஆனது. அதுவரை அப்பா வீட்டில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார், மில்லில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து ஃப்ரேமில் வேலை பார்த்த தம்பி ஒருவர் தன் நூலையும் பார்த்து, இவருடைய நூலையும் ஒட்டிக்கொண்டிருந்தார். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “போதும்ப்பா, விட்டுடுங்க.”

நாம் எல்லோருக்கும் சொல்வதும் அதுதான். நல்லா இருக்கும்போதே விலகிடணும். கிரிக்கெட் வீரருக்கும் நடிகருக்கும் பாடகருக்கும் இந்த அறிவுரை உண்டு. அவர்களுடைய கௌரவத்துக்காகச் சொல்வதுபோல இருக்கும். யோசித்தால், அதில் பாதி நம்முடைய வசதிக்காக. நம் நினைவில் இருக்கும் ஆள் அப்படியே இருந்துவிட வேண்டும். நடுங்கும் கையைப் பார்க்கும் சங்கடம் நமக்கு வேண்டாம். எதிர்ப்பக்கத்து அறிவுரையும் இருக்கிறது: உயிர் உள்ளவரை மேடையை விடாதே. கேட்க அழகாக இருக்கும். ஆனால் டிக்கெட் வாங்கியவனுக்கும், சத்தமில்லாமல் நூலை ஒட்டித் தந்த அந்தத் தம்பிக்கும் அதில் இடமில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மாவுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன், 11 கிலோமீட்டர்தான். ஆண்டாளின் இடது கையில் ஒரு கிளி இருக்கும். தினமும் புதிதாகச் செய்வது. மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, காக்காப்பொன்னில் கண். பரம்பரையாக ஒரு குடும்பம் செய்து கொடுக்கிறது. நேற்றைய கிளி வாடிவிடும், அதைப் பக்தர் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இன்றைய கிளியைப் பார்த்து “இதில் புதுசா என்ன இருக்கு?” என்று யாரும் கேட்பதில்லை. ‘ஃபயர்பவர்’ பற்றி நண்பர்கள் கேட்டது அதைத்தான். அதே வேகம், அதே இரட்டைக் கிடார், எண்பதுகளில் அவர்களுக்குத் தயாரிப்பாளராக இருந்த டாம் ஆலமையே திரும்பக் கூட்டிவந்திருக்கிறார்கள், இதில் என்ன புதுசு?

கிளியைப் பார்த்ததும் பதில் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. கை மாறும், கிளி இருக்கும், அவ்வளவுதானே? இல்லை, அது அவ்வளவு சுலபமான பதில் கிடையாது. கிளியின் பின்னால் செய்தவர் பெயர் இல்லை. ஆல்பத்தின் பின்னால் பெயர் இருக்கிறது, பெயருக்கு விலை இருக்கிறது. அங்கே யாருடைய கை என்பது நியாயமான கேள்வி. டிப்டன் உண்மையில் எவ்வளவு வாசித்தார் என்ற சந்தேகம் ஆல்பம் வந்தபின் எழுந்தது. அவர்தான் வாசித்தார் என்று குழுவினர் மறுத்தார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது. சுற்றுப்பயணத்தில் டிப்டனின் இடத்தில் அந்த ஆல்பத்தின் இன்னொரு தயாரிப்பாளர் ஆண்டி ஸ்னீப் வாசித்தார், எல்லோருக்கும் தெரிந்தே. சில இரவுகளில் கடைசிப் பாடல்களுக்கு மட்டும் டிப்டன் மேடைக்கு வந்தார். முடிந்தது இவ்வளவு என்று சொல்லிவிட்டு, அந்த அளவை முழுசாகச் செய்துவிட்டுப் போனார். அவர் மறைக்க எதுவும் இல்லை, எனக்கும் உளவு பார்க்க எதுவும் மிச்சமில்லை.

அவர்களும் தவறினார்கள். 2022 ஜனவரியில் ஸ்னீப்பை விட்டுவிட்டு, ஒரே கிடாருடன் நான்கு பேராகத் தொடரப்போவதாக அறிவித்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே முடிவை மாற்றி ஸ்னீப்பைத் திரும்ப அழைத்தார்கள். இன்னொருவரின் நடுக்கத்துக்குத் தோள் கொடுத்தவனை மறப்பது எவ்வளவு சுலபம் என்பதை அதில் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் அந்தத் தம்பிக்கு யாரும் நன்றி சொல்லியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் “விட்டுடுங்க” என்று சொல்லவில்லை. டிப்டன் கதையைச் சொன்னேன். பேர் வாயில் நுழையவில்லை, கதை நுழைந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

“நூல் அறுந்தா தப்பில்லடா. அறுந்த பின்னாடியும் ஸ்பிண்டில் சுத்திக்கிட்டேதான் இருக்கும். தூரத்துலருந்து பாத்தா ஓடுற மாதிரியே தெரியும். பஞ்சு பூரா வேஸ்ட்டுல போய்க்கிட்டு இருக்கும்.”

அடுத்த வாரம் மேஸ்திரியிடம் அவரே போய்ச் சொன்னார். ஃப்ரேமிலிருந்து மாற்றி, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நூல் ஒட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. அது அவருக்கு வலித்தது, இல்லை என்று எழுதினால் பொய்.

டிப்டனின் பெயர் 2024இல் வந்த ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ ஆல்பத்திலும் இருக்கிறது. அதை நான் ஒரே மூச்சில், எங்கேயும் நிறுத்தாமல் கேட்டேன். எந்த சோலோ யாருடையது என்று தேடவில்லை.