கொள்ளும் அளவும் தாங்கும் அளவும்

பழைய பொருள் ஒன்றைப் போற்றுவதென்றால், அதை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதா, அல்லது அதன் தொழிலை அது தொடர்ந்து செய்யும்படி விடுவதா என்ற விசாரம் எனக்கு வெகுகாலமாக உண்டு. அதற்குத் தெளிவான விடையொன்று, ஆயுதங்களில் பற்றில்லாத எனக்கு, ஒரு ரிவால்வரின் சரித்திரத்திலிருந்து கிடைத்தது. பிரிட்டிஷ் இராணுவம் 1887-ல் ஏற்று, பல பத்தாண்டுகள் ஏதேனுமொரு வடிவில் வைத்திருந்த வெப்லி ரிவால்வரின் .455 தோட்டா இன்று எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே அமெரிக்காவில் அதை வைத்திருப்போர் பலர், சுட்டு வெறுமையான பித்தளைக் கூடுகளைச் சேர்த்துச் சுத்தம் செய்து, பிரைமர் என்னும் புதிய தீமூட்டியைப் பொருத்தி, வெடிமருந்திட்டு, ஈயக் குண்டை அமர்த்தித் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள்.

கருமருந்துக் காலத்தில் அளவைப் பற்றிய கவலை குறைவு. கூட்டினுள் காற்றுக்கு இடமின்றி மருந்தை நிரப்புவதே முறையாதலால், கூடே படியாகவும் அமைந்தது. அது கொள்ளுமளவே துப்பாக்கி தாங்குமளவு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா மருந்து வந்தபோது இந்தச் சம்பந்தம் அறுந்தது. சிறிதளவே பெருஞ்சக்தி தருவது அதன் சுபாவம்; ஆதலால் மருந்து அடியில் ஒதுங்கிக் கிடக்க, மேலே வெற்றிடம் மிஞ்சியது. கார்டைட் என்னும் புகையில்லா மருந்துக்கு மாறிய பிரிட்டிஷார் 1897-ல் கூட்டின் நீளத்தையே குறைத்தார்கள். அது மருந்து செவ்வனே எரிவதற்காகச் செய்தது என்றாலும், வேண்டாத இடத்தை வைத்திருக்கலாகாது என்ற விவேகமும் அதிலிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இன்றைய மருந்துகளுள் சில அந்தக் குட்டைக் கூட்டையும் நிரப்புவதில்லை. கவனப் பிசகால் ஒரே கூட்டில் இருமுறை இட்டுவிட்டாலும் அது வழிந்து எச்சரிக்காது. தோட்டாக்கள் அமரும் உருளை பிளந்துதான் எச்சரிக்கும். ஆகவே சிரத்தையுள்ளவர்கள் அளவை நிறுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், குண்டை அமர்த்துமுன் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே நோக்குகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கா சென்ற உபரி வெப்லிகள் பலவற்றின் உருளையைப் பின்புறம் சீவி, அங்கே தாராளமாகக் கிடைத்த .45 ஆட்டோமாட்டிக் தோட்டா நுழையும்படி செய்தார்கள். நுழைந்தது; ஆகவே சுட்டார்கள். அத்தோட்டாவின் அழுத்தமோ சதுர அங்குலத்திற்கு 21,000 பவுண்டு வரை ஏறக்கூடியது; .455-க்கு உரியது சுமார் 13,000. தோட்டா கிடைக்காத காலத்தில் அப்படிச் செய்தவர்களை நான் நிந்திக்கவில்லை. ஆனால் நுழைவதையே சம்மதமாகக் கொண்டது பெரும்பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை.

கொல்வதற்கென்றே பிறந்த யந்திரத்தில் என்ன தர்மம் காண்கிறாய் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது; அதன் பூர்வ சரித்திரத்தில் நான் தர்மம் எதையும் காணவில்லை. எனினும், 265 கிரெய்ன் எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 600 அடி என்ற நிதானமான வேகத்தில் காகித இலக்குக்கு அனுப்புவதோடு திருப்தியடைந்து, அதற்குமேல் ஓர் அணுவும் கேட்காத மனிதனின் அடக்கத்தை நான் மெய்யாகவே மதிக்கிறேன்.

அந்த அடக்கம் நம் வீடுகளில் முதியவர்களிடம் காட்டப்படுவதில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவருடைய பகற்பொழுது காலியாகத் தெரிகிறது. தெரிந்த மறுகணமே, பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது, மின்கட்டண வரிசையில் நிற்பது, வீட்டுக் கொத்தனாரை மேற்பார்ப்பது என்று ஒவ்வொன்றாக அதற்குள் போடுகிறோம். அவரும் வழிந்து காட்டுவதில்லை. மறுபுறம், ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருங்கள் என்று நாற்காலியில் உட்கார்த்தி வைப்பவர்களும் உளர். அவர்கள் அன்பினால் செய்வதும் அலமாரியில் பூட்டுவதேயாகும்.

என் பெரியப்பா கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஒரு மணி நேரம் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். அந்த ஒரு மணியில் அவர் குரல் பழைய வகுப்பறைக் குரலாகவே இருக்கிறது. மாலையிலும் அனுப்பலாமா, உங்களுக்குத்தான் பொழுது இருக்கிறதே என்று கேட்கும் பெற்றோரிடம், பொழுது இருக்கிறது, ஆனால் முடியாது அம்மா என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.