தனிமையும் உடனாதலும்



மக்களை இழந்து வருந்துவார்முன் சித்தாந்தம் கற்றார் யாது கூறல்வேண்டும் என்பது எளிய வினாவன்று. எமக்கு அது 11 ஆண்டுகளாக நெஞ்சை உறுத்தும் வினாவாயிருக்கின்றது. எம்பாற் சாத்திரப் பாடங்கேட்டு வந்த அன்பரொருவரின் மைந்தன், 22 அகவையினன், துணையின்றி மலையேறச் சென்று மீண்டிலன். ஐந்தாம் நாள் உடல் கிடைத்தது. யாம் துக்கம் வினவச் சென்று, பிராரத்த வினையின் இயல்பினை அரைமணி நேரம் விரித்துரைத்தோம். அவர் கைகட்டிக் கேட்டிருந்தார். எம்மை வழிவிட வாயில்வரை வந்தவர், "தனியாகக் கிடந்தானே, ஐயா!" என்று ஒரு சொற் சொன்னார். அதற்கு விடை எம்மிடத்தில்லை. அதன்பின் அவர் பாடத்திற்கு வந்திலர்.

அச்சொல்லை மீட்டும் எம்மனத்தெழுப்பியது அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த வரலாறொன்று. கிறிஸ்டோபர் மெக்காண்ட்லெஸ் என்னும் இளைஞன் 1990-ஆம் ஆண்டில் எமோரிப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றவன். தன்பாலிருந்த ஏறத்தாழ 24,000 டாலரைப் பசிதீர்க்கும் அறநிலையமொன்றிற்கு ஈந்து, தன் காரைப் பாலைநிலத்திற் கைவிட்டு, எஞ்சிய பணத்தையும் தீயிலிட்டு, வேறு பெயர் பூண்டு நாடோடியாயினான். பெற்றோர்க்கு ஒரு வரியேனும் எழுதிலன். அவர் துப்பறிவாரை அமர்த்தித் தேடியும் பயனின்றாயிற்று. 1992 ஏப்பிரல் 28-ஆம் நாள் சிறிதளவு அரிசியும் ஒரு துப்பாக்கியும் சில நூல்களும் கொண்டு அலாஸ்காவின் காட்டிலே தனியனாய்ப் புகுந்தான். நெடுஞ்சாலைக்கு ஏறத்தாழ 25 மைல் உள்ளே, கைவிடப்பட்டுக் கிடந்த 142-ஆம் எண் பழைய பஸ் வண்டி அவனுக்கு இல்லமாயிற்று.

காட்டிலேயே மாள்வது அவன் கருத்தன்று. சூலை மாதத் தொடக்கத்தில் ஊர்திரும்பப் புறப்பட்டான். பனிக்காலத்து எளிதிற் கடந்த டெக்லனிகா ஆறு, பனிப்பாறை உருகிய நீராற் பெருகி ஓடிற்று. சிறிது தொலைவிலே ஆற்றைக் கடத்தற்குக் கம்பியிலோடும் கூடையொன்று இருந்தது. தக்க நிலப்படம் கையிலிருந்திருப்பின் அதனை அறிந்திருப்பான். அறியாமையின் பஸ் வண்டிக்கே மீண்டான். ஆகஸ்டு மாதத்திற் பசியால் உயிர்நீத்தான். உண்ட வித்துக்களின் நச்சுத்தன்மையும் காரணமோ என்பது இன்னும் வழக்கிலுள்ளது. செப்டம்பர் 6-ஆம் நாள் வேட்டுவர் கண்டபோது அவ்வுடலின் நிறை ஏறத்தாழ 30 கிலோ; அவனுக்கு அகவை 24.

அவனைத் துறவியென்பாரும் பேதையென்பாரும் அந்நாட்டிற் பலர். 1996-ல் ஜான் கிராக்கவர் எழுதிய நூலும் 2007-ல் வந்த திரைப்படமும் அவ்வழக்கினை வளர்த்தன. யாம் அதனுட் புகோம். எம் நோக்கம் பெற்றோர்மேலது.

அவன் இறத்தற்குச் சில கிழமைகளின் முன், பல்லாயிரங் கல் அப்பால் உறங்கிக்கிடந்த தாய், மகன் தன்னை அழைக்கும் குரல் கேட்டு நள்ளிரவில் திடுக்கிட்டெழுந்தாள் என்பது அந்நூலிற் கண்டது. அது கனவோ நனவோ என்று யாம் ஆராயப்புகோம், ஆராய்வார் தாயல்லர். வேறொன்றும் ஈண்டுக் கூறல்வேண்டும். இல்லத்து நிகழ்ந்த கொடுமைகளே அவனைத் துரத்தின என்று அவன் உடன்பிறந்தாள் 2014-ல் நூலொன்று வெளியிட்டாள். பெற்றோர் அதனை ஏற்றிலர். உண்மை யாதென்று தீர்த்துரைக்க யாம் யார்? குற்றமுடையாரின் துயரமும் துயரமே. குற்றவுணர்வு கலந்தவழி அஃது இருமடங்காம் என்பது மட்டும் துணிவு.

இவர்க்கு உடலேனும் கிடைத்தது. அந்நாட்டு யூட்டா மாநிலத்தில் 1934 நவம்பரிற் பாறைநிலத்துட் தனியே சென்ற எவரெட் ரூஸ் என்னும் 20 அகவையினனுக்கு அதுவுமில்லை. அவனுடைய கழுதைகள் இரண்டும் அகப்பட்டன, அவன் அகப்பட்டிலன். பெற்றோர் அறியாமலே மறைந்தனர். 2009-ல் அவன் எலும்பென்று கொண்டாடப்பட்டதும் மறுசோதனையில் வேறொருவருடையதாயிற்று. உடல் கிடையாதவழித் தருப்பையால் உருச்செய்து எரியிடுக என நம் முன்னோர் விதித்தமை வெறுஞ் சடங்கன்று. எரிக்க ஒன்றில்லாத நெஞ்சு எரிந்துகொண்டேயிருக்கும் என்பதை அறிந்து விதித்தது.

இனி, வினைப்பயன் என்று யாம் உரைத்தது பிழையோ எனின், கோட்பாடு பிழையன்று. உரைத்த இடமும் உரைத்த வாயும் பிழை. வினையை உயிர்க்குக் கூட்டுவிப்பான் இறைவன். அதன் அளவும் காலமும் அறிவானும் அவனே. தன் வினையையே முற்றும் அறியமாட்டாத சிற்றறிவுயிர், பிறிதோருயிரின் வினையை ஏடு பார்த்தாற்போற் பேசுதல் யாங்ஙனம் அமையும்? தன்னைத் தான் நோக்கித் திருந்துதற்கு அமைந்த கோட்பாட்டினை, அழுவார் வாயை அடைத்தற்கு யாம் பயன்படுத்தினோம். அன்றியும் நோயிருந்த இடம் வேறு, மருந்திட்ட இடம் வேறு. அவ்வன்பர் 'ஏன் இறந்தான்' என்று வினவிற்றிலர். 'தனியாகக் கிடந்தானே' என்றார்.

இதற்கு விடை கன்மவியலிலன்று, அத்துவிதத்தில் உளது. இறைவன் உயிரோடு கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய் நின்று செலுத்தலின் உடனாயும் நிற்பன் என்பது நம் ஆசிரியர் துணிபு. பாடஞ்சொல்லுங்கால் முன்னைய இரண்டிற் பெரும்பொழுது செலவிட்டு, மூன்றாவதனைச் சடுதியிற் கடந்துபோதல் எம் வழக்கம். பிறர்மதம் மறுத்தற்கு முன்னைய இரண்டே பெரிதும் உதவுதலின். மகவிழந்தார்க்கோ மூன்றாவதே வேண்டற்பாலது. உயிரறிவு உடனின்றாலன்றிக் கண்ணொளி ஒன்றனையுங் காணாதவாறுபோல, அவன் உடனின்றாலன்றி உயிர்க்கு ஓர் அறிதலும் இல்லை. மகன் பெற்றோரை விட்டு நீங்கலாம், பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். அம்மாற்றுப் பெயரோடும் உடன்சென்றான் ஒருவன் உளன். 113 நாள் அக்காட்டிலும், பஸ் வண்டியின் இறுதி இரவிலும், அவன் நீங்கிற்றிலன்.

அற்றேல், உடனின்றான் ஆற்றைக் கடப்பியாதது என்னை எனின், உடனாதல் என்பது உடம்பைக் காத்தலோடு ஒழிவதன்று, உடம்பு வீழ்ந்தவழியும் உயிரைக் கைவிடாமையாம் என்று கற்றாரவையில் விடையிறுப்போம். அவ்விடை அறிவுக்குப் போதும். பெற்ற வயிற்றுக்குப் போதாது. தாய் வினவின் வாய்மூடியிருத்தலே முறை.

அவ்விளைஞனின் பெற்றோர் நம் சாத்திரம் ஒன்றும் அறியார். ஆயினும் 1993-ல் ஹெலிகாப்டரில் அவ்விடஞ் சென்றபோது அவர் செய்தது எம்மை வியப்பித்தது. மகன் பெயர் பொறித்த தகட்டினைப் பதித்தனர். தாய் காட்டுமலர் கொய்து அதன்கீழ் வைத்தாள். பின்னர், மருந்தும் தகரத்தில் அடைத்த உணவும் நிறைந்த பெட்டியொன்றை அங்கே விட்டு, இதனைக் காண்பார் யாவரேயாயினும் விரைந்து தம் பெற்றோரோடு பேசுக என்று ஓலையும் எழுதிவைத்தனர். தம் மகனுக்கு உதவாத உணவு, முகமறியாத பிறர் மக்களுக்கு! அம்மக்கள் வாராமலுமில்லை. அவ்விடத்தைக் காணச் சென்றாருள் 2010-ல் ஒருத்தியும் 2019-ல் ஒருத்தியும் அவ்வாற்றிலேயே மாண்டனர். 2020 சூனில் அரசினர் அவ்வண்டியை வான்வழியே தூக்கி அகற்றினர். அது ஃபேர்பேங்க்ஸ் நகரத்து அலாஸ்காப் பல்கலைக்கழகக் காட்சிச்சாலையிற் சேர்க்கப்பட்டது.

இவ்வரலாறு படித்தபின் அவ்வன்பர் இல்லத்திற்கு மீண்டும் சென்றோம். வினையைப்பற்றி யாதும் பேசிற்றிலம். மைந்தன் எவ்வாறிருப்பான் என்று கேட்டோம். அவர் மனைவியார் மோர் கொணர்ந்து வைத்து, தூணருகே அமர்ந்து, அவன் சிறுவயதுக் குறும்புகளைச் சொல்லத் தொடங்கினார். விளக்கேற்றும் பொழுது ஆயிற்று. எழுங்கால், "அவன் தனித்துக் கிடந்திலன்" என்று மட்டும் கூறினோம். அன்பர் எம்மை நெடுநேரம் நோக்கினார், விடை கூறிலர். இன்னும் அவர் பாடத்திற்கு வந்திலர். திங்கள்தோறும் யாமே அங்குச் சென்று வருகின்றோம்.